சிறு விளக்கின் பெருந்தொண்டு

மின்தடையும் மின்தேக்கியும் தாமாக எதையும் உண்டாக்கும் ஆற்றல் அற்றவை. முன்னது சக்தியை வெப்பமாகச் செலவழித்துவிடும்; பின்னது பெற்றதைச் சிறிது நேரம் வைத்திருந்து திருப்பித் தரும். இவ்விரண்டைக் கொண்டு ஓயாது ஒரே சீராக எழும் மின்னலையைப் பெறுவது எங்ஙனம்? பாடப் புத்தகங்கள் தரும் சூத்திரத்தில் விடையின் ஒரு பாதியே உண்டு என்பது நமது அபிப்பிராயம்.

ஜெர்மன் விஞ்ஞானி மாக்ஸ் வீன் 1891-ல் வகுத்த பாலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பகுதியில் மின்தடையும் மின்தேக்கியும் தொடராக நிற்கும்; அதே அளவுள்ள மற்றொரு ஜோடி பக்க இணைப்பாக நிற்கும். இவ்வழியே செல்லும் அலைகளுள் ஒரே ஓர் அதிர்வெண்ணுக்குரியது மட்டுமே முந்தாமலும் பிந்தாமலும் வெளிவருகிறது. 10,000 ஓம் தடையும் 0.01 மைக்ரோபாரட் தேக்கியும் ஆனால், அது வினாடிக்கு ஏறக்குறைய 1,590. ஆனால் அவ்வலையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தே வருகிறது. அதை மும்மடங்கு பெருக்கி மீண்டும் உள்ளே செலுத்தினால் அலை நிலைத்து நிற்கும்.

சூத்திரம் கூறுவது இவ்வளவே. நடைமுறையிலோ, பெருக்கம் மூன்றுக்கு இம்மியளவு குறைந்தாலும் அலை அவிந்துபோகும். மிஞ்சினாலோ வளர்ந்துகொண்டே சென்று, பெருக்கியின் எல்லையில் முட்டி உருக்குலையும். மூன்றிலேயே அதை நிறுத்திவைப்பவர் யார்?

ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் பயின்ற வில்லியம் ஹியூலெட் இதற்கு ஒரு சிறு மின்விளக்கை நியமித்தார். பெருக்கத்தை அடக்கும் பாதையில் அது வைக்கப்பட்டது. இழை குளிர்ந்திருக்கையில் தடை குறைவு. பெருக்கம் மூன்றை மிஞ்ச, அலை பிறக்கும். அலை வளர வளர இழை சூடேறித் தடை உயரும். பெருக்கம் தானே இறங்கும். அலை தளர்ந்தால் இழை ஆறி, மீண்டும் அதைத் தூக்கிவிடும். 1939-ல் டேவிட் பாக்கார்டுடன் கூடி அவர் தொடங்கிய கம்பெனி, இக்கருவியை 54.40 டாலருக்கு விற்றது. 'பாண்டேஸியா' படத்தின் ஒலிக்கருவிகளுக்காக வால்ட் டிஸ்னி நிறுவனம் இவ்வகையில் எட்டு வாங்கிற்று. 1942-ல் ஹியூலெட்டுக்கு அமெரிக்கப் பேட்டண்டும் கிடைத்தது.

வால்வு போய் ஐ.ஸி. வந்துவிட்டது, விளக்கின் வேலையைப் பெரும்பாலும் டயோடு முதலியவை பார்க்கின்றன. தத்துவம் மாறவில்லை. ஆகவே, கற்பிப்போர் சூத்திரத்தை நெட்டுருப் பண்ணுவித்ததோடு நில்லாது, விளக்கை அகற்றி நிலையான தடையை வைத்தால் அலை படும் பாட்டையும், விளக்கைத் திரும்ப வைத்ததும் அது சீர்படுவதையும் மாணாக்கர் கண்ணாரக் காணச் செய்வார்களாக. அலையைப் பிறப்பிப்பது எளிது. அளவில் நிறுத்துவதே அருமை. அதைக் கண்டறிந்த மாணாக்கனே இச்சாதனத்தை அறிந்தவனாவான்.