மெல்லிசை மன்னர்கள் இருவர்

நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த தாத்தா பாட்டியிடம் ‘மெல்லிசை மன்னர்கள்’ யார் என்று கேட்டுப் பாருங்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி எனச் சேர்த்தே சொல்வார்கள். ஆனால், கடைகளில் விற்ற பாடல் தொகுப்புகளில் அப்படியில்லை.

பல படங்களில் புகழ்பெற்ற பாடல்களை ஒன்றாகத் திரட்டி வெளியிடுவதே தொகுப்பு. 60 நிமிட ஒலிநாடாவில் பக்கத்திற்கு ஏழெட்டுப் பாடல்களே அடங்கும்.

ஆர்மோனியக் கலைஞர் விஸ்வநாதனும் வயலின் கலைஞர் ராமமூர்த்தியும் 1952ஆம் ஆண்டு ‘பணம்’ படத்தில் இணைந்தனர். 1965ஆம் ஆண்டு ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்திற்குப் பின் பிரிந்தனர். அதன்பின் விஸ்வநாதன் தனியாக நெடுங்காலம் இசையமைத்ததால், இருவரும் சேர்ந்து அமைத்த பாடல்களும் சில தொகுப்புகளில் அவர் ஒருவர் பெயரிலேயே வெளிவந்தன. ஐயம் எழுந்தால் படம் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். அந்த 13 ஆண்டுகளுக்குள் என்றால், பெரும்பாலும் அது இருவரின் உழைப்பு.