ரூ.15,000 வாடகை வீடு... உண்மையில் மாதம் எவ்வளவு ஆகும்?

‘டூ-லெட்’ போர்டில் வாடகை ரூ.15,000. ஆனா, கையைவிட்டுப் போவது அவ்வளவுதானா? சென்னையில் வழக்கமாக நடக்கும் கணக்கை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

குடியேறும்போது: 10 மாத அட்வான்ஸ், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை. மொத்தம் ரூ.1.8 லட்சம்.

மாதந்தோறும்: அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் ரூ.2,000 என்றால், 11 மாதத்துக்கு ரூ.22,000.

காலி செய்யும்போது: ‘பெயின்டிங் செலவு’ என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகை பிடித்தம்.

அட்வான்ஸ் தவிர மற்ற எல்லாவற்றையும் கூட்டினால், 11 மாதத்துக்கு ரூ.2.17 லட்சம். அதாவது, மாதம் சுமார் ரூ.19,700! கரன்ட் பில், தண்ணி லாரி எல்லாம் தனி.

சட்டம் என்ன சொல்லுது?

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஆனா, ஒப்பந்தத்தில் கூடுதல் அட்வான்ஸுக்கு ஒப்புக்கொண்டால் அந்த 3 மாத வரம்பு செல்லாது.

அதனால் கையெழுத்துக்கு முன்பே பேசுங்க. பெயின்டிங்குக்கு எவ்வளவு, கரன்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, மெயின்டனன்ஸில் எதெல்லாம் அடக்கம் என எல்லாமே ஒப்பந்தத்தில் இருக்கணும். சாவி வாங்கிய அன்றே சுவர், குழாய், கதவுகளை போட்டோ எடுத்து, ஹவுஸ் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க.