முதலில் பல் வைத்தியர்

வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் கண்டு, கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்ட ஒருவரிடம், 'முதலில் பல் வைத்தியரைப் பார்த்து வாருங்கள்' என்று சொன்னால், உயிருக்கே ஆபத்தான வேளையில் பல்லைப் பற்றி என்ன விசாரம் என்று அவர் மனம் நோவது சகஜமே. ஆயினும் அந்த வார்த்தையில் அடங்கியிருக்கும் கருணையை நான் சாமானியமாக எண்ணுவதில்லை.

ஆறு ஏழு வாரங்களில், பெரும்பாலும் 30 முதல் 35 தவணைகளாகப் பாய்ச்சப்படும் கதிர்கள், நோயை அழிக்கும்போதே உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் வாட்டி, தாடையெலும்பில் ஓடும் நுண்ணிய ரத்த நாளங்களையும் க்ஷீணிக்கச் செய்கின்றன. உமிழ்நீர் வற்றிய வாயில் ஒரு கவளம் சோறு தண்ணீரின்றி இறங்குவதில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பற்கள் ஈறோரமாகச் சொத்தை விழுந்து, சில மாதங்களிலேயே முறிந்துபோவதும் உண்டு. அந்நிலையில் பல்லைப் பிடுங்கினால், ரத்த ஓட்டம் குன்றிய எலும்பு, விசேஷமாகக் கீழ்த்தாடை, புண் ஆறாமல் உயிரற்று வெளியே தெரியத் தொடங்கும் அபாயம் பல ஆண்டுகளுக்குப் பின்னும் நீங்குவதில்லை.

ஆகையால், காப்பாற்ற இயலாத பற்களைக் கதிர்வீச்சு தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே அகற்றிப் புண்ணை ஆறவிடுவதும், சொத்தையை அடைப்பதும், பல்வரிசைக்கு அச்செடுத்துச் செய்த உறையில் ஃபுளோரைடு களிம்பிட்டுத் தினந்தோறும் சில நிமிஷம் அணியப் பழக்குவதும் வைத்தியரின் கடமைகளாகின்றன. நல்ல பற்களையும் சேர்த்துப் பிடுங்கிவிடும் பழைய வழக்கம் இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது.