நித்தியகல்யாணி சொல்லும் பாடம்

தேவாரம், போடி வட்டாரத்தில் வீட்டு வாசலிலும் வேலியோரத்திலும் ஆண்டு முழுவதும் பூத்திருக்கும் செடி நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி, பட்டிப்பூ என்பனவும் அதன் பெயர்களே. அதன் பூவையோ இலையையோ காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை குறையும் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏறுவோர்க்கு, மருத்துவமனையில் காத்திருப்பதைவிட வாசற்செடி எளிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இந்த நம்பிக்கையை ஆய்வகத்தில் சோதித்தபோது என்ன நிகழ்ந்தது என்பதை நம் நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்துகொள்வது நல்லது.

இருபத்தைந்து இலைகள்

ஜமைக்கா தீவு மக்களும் இச்செடியைச் சர்க்கரை நோய்க்குக் காய்ச்சிக் குடித்து வந்தனர். 1952ஆம் ஆண்டு அங்கிருந்து 25 இலைகள் ஓர் உறையில் கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு வந்தன. அவர் அவற்றை ஆராய்ச்சியாளரான தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார். இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. ஊசிவழி செலுத்தியபோதோ எலிகள் சில நாள்களில் கிருமித்தொற்றால் இறந்தன. எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு, தொற்றை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்ததே காரணம்.

அந்த நச்சுத்தன்மையே புதிய வழியைக் காட்டிற்று. இரத்தப் புற்றுநோயில் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அவற்றை ஒடுக்கும் பொருள் மருந்தாகக்கூடும் அல்லவா? ராபர்ட் நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் அப்பொருளைப் பிரித்தெடுத்து, 1958இல் வெளியிட்டனர். அதுவே வின்பிளாஸ்டின். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவன ஆய்வில் கிடைத்த வின்கிரிஸ்டின் 1963இல் அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முதன்மையான மருந்துகளுள் ஒன்று.

சோதனை எதைச் சொல்கிறது?

ஒரே செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உள்ளன. எந்தப் பொருள், எவ்வளவு, எவ்வழியாக என்ற மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே இலை மருந்தாகிறது. செடி சரியானதுதானா, பூச்சிமருந்தோ பூஞ்சையோ கலந்துள்ளதா, நாள்தோறும் உட்கொண்டால் ஈரலும் சிறுநீரகமும் தாங்குமா என்றெல்லாம் பார்த்து, இறுதியில் மனிதரிடம் படிப்படியாகச் சோதிக்கின்றனர்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை தேவை. ஆகவே வீட்டுக் கஷாயத்தால் புற்றுநோய் தீராது. பிற்காலத்தில் விலங்குகளிடம் நடந்த சில சோதனைகளில் இலைச்சாறு சர்க்கரையைக் குறைத்ததும் உண்டு. ஆயினும் கொதிக்க வைத்த ஒரு குவளையில் எப்பொருள் எவ்வளவு இறங்கியுள்ளது என்பதை வீட்டில் எவராலும் அளக்க இயலாது. மூலிகை என்பதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. நச்சு என்பதாலேயே பயனற்றதாகிவிடவும் இல்லை.

எங்கள் வேண்டுகோள்

* கஷாயம், சூரணம், இலைச்சாறு எதுவாயினும் மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். இலையையோ பொட்டலத்தையோ உடன் கொண்டுவாருங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.
* கஷாயத்தை நம்பிச் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தாதீர்கள். இரண்டையும் சேர்த்து உட்கொண்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் தோன்றினால், விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு உடனே சர்க்கரை கரைத்த நீர் கொடுத்து அழைத்து வாருங்கள்.
* கருவுற்ற பெண்களும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் நித்தியகல்யாணியை உட்கொள்ளலாகாது.
* சித்த மருத்துவம் விரும்புவோர், பதிவுபெற்ற சித்த மருத்துவரை அணுகுங்கள். எங்கள் மருந்துச் சீட்டை அவரிடமும், அவருடையதை எங்களிடமும் காட்டுங்கள்.