ஸ்டாண்டு வாங்கும் முன் தரையைப் பாருங்கள்

என் அப்பாவின் வலது கை ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. நான் இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் நடந்தது. கப்சாயை டபுள் ஸ்டாண்டில் ஏற்றி, செயின் மூடியைக் கழற்றி, இஞ்சினை முதல் கியரில் ஓடவிட்டு, பழைய துணியால் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைச் செயின் இழுத்தது. துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விட்டது.

அதனால் வீட்டில் மோட்டார் வேலை என்றாலே எனக்குப் பயம். ஆனால், வானொலியில் காலை நிகழ்ச்சிக்காக விடியுமுன்னே கிளம்புகிறவன் நான். அந்த நேரத்தில் செயின் கழன்றால் எந்தப் பட்டறையும் திறந்திருக்காது. நாமே பார்த்துக்கொள்வோம் என்று ஒரு பேடாக் ஸ்டாண்டு வாங்கினேன்.

முதல் நாளே மோட்டார் சாய்ந்தது. பிரேக் பிடியும் கண்ணாடியும் உடைந்தன. ஸ்டாண்டைக் குறை சொல்ல முடியாது. மழைநீர் வடிவதற்காக எங்கள் கார் போர்ச் கால்வாய்ப் பக்கம் சரிவாக இருக்கிறது. டைல்ஸும் ஈரமாக இருந்தது. 'எத்தனை கிலோ தாங்கும்?' என்று கடையில் கேட்ட நான், அதை எங்கே வைக்கப்போகிறேன் என்று யோசிக்கவில்லை.

டபுள் ஸ்டாண்டு உள்ள கப்சாய்க்குத் தனி ஸ்டாண்டு பெரும்பாலும் தேவையில்லை. செயின் துடைக்க, எண்ணெய் மாற்ற அதுவே போதும். அது இல்லாத மோட்டாருக்குத்தான் பேடாக் ஸ்டாண்டு.

அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மின் அடியில் ரப்பர் மெத்தை வைத்துத் தூக்குவது. பெரும்பாலான மோட்டார்களுக்குப் பொருந்தும். ஆனால் வழுக்க வாய்ப்பு அதிகம். மற்றொன்று, சுவிங் ஆர்மில் ஸ்பூல் எனப்படும் குமிழ்களை முடுக்கி, அவற்றை 'வி' வடிவக் கொக்கியால் பிடிப்பது. இதுதான் உறுதியானது. உங்கள் மோட்டாரில் ஸ்பூல் முடுக்கத் துளை இருக்கிறதா, திருகின் அளவு என்ன என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். முன்சக்கரத்துக்கும் ஸ்டாண்டு வாங்கினால், எப்போதும் பின்பக்கத்தை முதலில் தூக்க வேண்டும்.

அடியிலிருந்து தூக்கும் கத்தரி ஜேக், சக்கரத்தைக் கழற்றுவோருக்கு உதவும். ஆனால் மோட்டாரின் அடிப்பாகம் தட்டையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். புகைக்குழாய் அடியில் ஓடும் மோட்டாரில் ஜேக் வைத்தால் குழாய் நசுங்கும். பட்டறைகளில் உள்ள மேசை போன்ற ஹைட்ராலிக் லிஃப்ட் வீட்டு போர்ச்சுக்கு இடம் கொள்ளாது. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு, பின்சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் சின்ன உருளைத் தட்டே போதும். மோட்டாரைத் தூக்காமலே சக்கரத்தைக் கையால் சுற்றிச் செயினுக்கு எண்ணெய் போடலாம்.

எதை வாங்கினாலும் சமமான, காய்ந்த சிமெண்டுத் தரையைத் தேர்ந்தெடுங்கள். புல் தரை என்றால் கனமான பலகையைப் போடுங்கள். முதல் சில தடவை மோட்டாரைப் பிடிக்க இன்னொருவர் இருக்கட்டும். தூக்கிய பிறகு முன் பிரேக்கை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். சிறு பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுழலும்போது, இஞ்சினை ஓடவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்றுதான் தோன்றும். அப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. இஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிச் செயினைத் துடைத்தாலும் பத்து நிமிட வேலைதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஸ்டாண்டை எடுத்தாலே, அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைப் போர்ச்சில் போட்டு உட்கார்ந்துவிடுவார். "சாவி எங்கடா?" என்பதுதான் முதல் கேள்வி. வேலை முடியும்வரை சாவி அவர் சட்டைப் பையில்தான் இருக்கும்.