நெட் வேண்டாம்... ஒரு கேபிள் போதும்! - வீட்டுக்குள்ளேயே 200 ஜிபி மாற்றலாம்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பழைய கம்ப்யூட்டரை மாற்றப் பல குடும்பங்களுக்கு இது ஒரு காரணம். பொறியியல் கல்லூரி மாணவர்கள் நிறைந்த, ஆவடியை ஒட்டிய வெள்ளானூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஹாலில் அப்பாவின் பழைய டெஸ்க்டாப், மகளிடம் புது லேப்டாப். பழையதில் கல்யாண வீடியோ, குழந்தைகளின் போட்டோக்கள் என 200 ஜிபி இருக்கிறது. இதை எப்படி மாற்றுவது?

பலருக்கும் முதலில் தோன்றுவது கூகுள் டிரைவ். ஆனால், அதில் இலவச இடம் 15 ஜிபிதான். கூடுதல் இடத்தைக் காசு கொடுத்து வாங்கினாலும், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 200 ஜிபி ஏற நாலரை மணி நேரம், இறங்க நாலரை மணி நேரம் ஆகும். பக்கத்து அறைக்குப் போக வேண்டிய போட்டோ, ஊரைச் சுற்றி வர வேண்டுமா?

அடுத்தது பென் டிரைவ். பழைய எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டதாக இருந்தால், 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றை ஃபைலை அது ஏற்காது. கல்யாண வீடியோ பாதி வழியில் நிற்பது இதனால்தான். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் சரியாகும். ஆனால், மாற்றும்போது பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

எளிய வழி வீட்டு ரூட்டரிலேயே இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர்களையும் லேன் கேபிளால் ரூட்டரில் இணைத்தால், ஃபைல்கள் வெளியே போகாமல் நேராகக் கைமாறும். டேட்டா செலவாகாது, இன்டர்நெட் இல்லாவிட்டாலும் நடக்கும். வைஃபையிலும் செய்யலாம். ஆனால், சுவர்களைத் தாண்டி நொடிக்கு 5 எம்பிதான் கிடைக்கிறது என்றால், 200 ஜிபிக்கு 11 மணி நேரம் ஆகும். கிகாபிட் இணைப்பில் நொடிக்கு சுமார் 110 எம்பி போகும். கணக்குப்படி அரை மணி நேரம். பழைய ஹார்ட் டிஸ்க்கின் வேகம் குறைவு, சின்னச் சின்ன ஃபைல்கள் அதிகம் என்றால் இன்னும் நேரம் பிடிக்கும்.

கேபிளின் மேல் 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிகாபிட் வேகத்துக்கு உள்ளே இருக்கும் 8 கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடலாம். ரூட்டர், கம்ப்யூட்டர் இரண்டின் போர்ட்டும் கிகாபிட்டாக இருப்பதும் அவசியம்.

பழைய கம்ப்யூட்டரில் நெட்வொர்க்கை 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் உள்ள 'ஷேரிங்' மூலம் பகிருங்கள். புது லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக்கோடு போட்டு, பழைய கம்ப்யூட்டரின் பெயரை டைப் செய்யுங்கள். அது கேட்பது பழைய கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு. நான்கு இலக்க பின் நம்பர் செல்லாது.

முக்கியமான விஷயம், 'கட்' வேண்டவே வேண்டாம், 'காப்பி' மட்டும்தான். 'கட்' செய்யும்போது நடுவில் கரன்ட் போனால், பாதி இங்கே, பாதி அங்கே என்று ஆகிவிடும். நெட்வொர்க் வழியாக அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. அதனால், பகிரும்போது 'ரீட்' அனுமதி மட்டும் கொடுங்கள். அப்போது புது லேப்டாப்பிலிருந்து தவறுதலாகக்கூட எதையும் அழிக்க முடியாது.

காப்பி முடிந்ததும், இரு பக்கமும் ஃபைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றா என்று சரிபாருங்கள். நாலைந்து வீடியோக்களைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். பிறகு ஷேரிங்கை நிறுத்திவிடலாம்.

பழைய கம்ப்யூட்டரை உடனே எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி ஏறும் வரை அது வீட்டிலேயே இருக்கட்டும். கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்கலாம். தாத்தா பேசிய வீடியோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.