மாநாட்டு வாசல் வரை ஒரு டிக்கெட்

சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கு வழிச்செலவே பெரும் தடை

2010 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் சர்வதேசக் கணித மாநாடு நடைபெற்றது. 1897-இல் ஜூரிச் நகரில் தொடங்கிய இம்மாநாடு இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற எஸ்.ஆர்.எஸ். வரதனும், ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் பயின்ற ஆர். பரிமளாவும் உலகக் கணித மேதைகள் முன்னிலையில் உரையாற்றினர். விஸ்வநாதன் ஆனந்த் ஒரே சமயத்தில் 40 பேருடன் சதுரங்கம் ஆடினார். 39 பேர் தோற்றனர். 14 வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் டிரா செய்தான்.

திறமையோடு, மண்டபத்துக்குள் வரும் வாய்ப்பும் அச்சிறுவனுக்கு இருந்தது. திறமை இருந்தும் வர இயலாத பிள்ளைகளின் நிலை என்ன?

பி.எஸ்ஸி. படிக்கும் மாணவருக்கு விஞ்ஞான மாநாடு வெறும் வேடிக்கை அல்ல. பாடப் புத்தகத்தில் பெயராக மட்டும் கண்டவரை நேரில் காணலாம், சந்தேகம் கேட்கலாம். மேற்படிப்புக்கு எங்கே சேருவது, எந்தப் பரீட்சை எழுதுவது என்ற விவரமெல்லாம் டீ குடிக்கும் நேரத்துப் பேச்சில்தான் கிடைக்கும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இவற்றைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அவருக்குத்தான் மாநாடு அதிகம் தேவை. நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், தங்கும் இடம், சாப்பாடு என்று கணக்குப் போட்டதும் பின்வாங்குபவரும் அவரே.

சலுகை யாருக்கு?

மாணவர்களுக்கு ரயிலில் சலுகை உண்டே என்று பலர் நினைக்கலாம். சொந்த ஊருக்குச் செல்லவும் கல்விச் சுற்றுலாவுக்கும் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர் வகுப்புகளில் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 75 சதவீதம் சலுகை உண்டு. ஆராய்ச்சிப் பயணத்துக்கு 35 வயது வரையுள்ள ஆராய்ச்சி மாணவருக்கு 50 சதவீதம். தனியாக மாநாட்டுக்குப் புறப்படும் பி.எஸ்ஸி. மாணவர் இவற்றில் எதிலும் சேரமாட்டார். சில அகில இந்திய அமைப்புகளின் ஆண்டு மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு இருந்த 25 சதவீதச் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கல்லூரியே ஏற்பாடு செய்து, கல்விச் சுற்றுலாவாகக் குழுவுடன் அனுப்பினால் சலுகை கேட்க வழி பிறக்கும்.

குமரேசன் காட்டிய வழி

வழிச்செலவு கிடைத்தால் பிள்ளைகள் வருவார்கள் என்பதற்கு உதாரணம் உண்டு. பின்னாளில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய எஸ். குமரேசன், 1993-இல் கல்லூரி மாணவர்களுக்கான கோடைக் கணிதப் பயிற்சி முகாமைத் தொடங்கினார். அணுசக்தித் துறையைச் சார்ந்த தேசிய உயர் கணித வாரியம் பண உதவி செய்தது. தேர்வு பெற்றவருக்குச் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். ஸ்லீப்பர் வகுப்புக் கட்டணமும் தரப்பட்டது. பெரிய நகரங்களை அறியாத மாணவ, மாணவியர் பலர் இம்முகாம்களின் வழியே ஆராய்ச்சிப் படிப்புக்குச் சென்றனர்.

நாட்டின் மூன்று விஞ்ஞான அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டத்திலும் உபகாரச் சம்பளத்தோடு ரயில் கட்டணம் வழங்கப்படுகிறது. நம் ஹைதராபாத் ஆராய்ச்சிக் கூடங்களிலும் இம்மாணவர்கள் பயிற்சி பெற்றுள்ளனர்.

அமெரிக்காவில், விஞ்ஞானத் துறையில் குறைந்த எண்ணிக்கையில் உள்ள கறுப்பர், பழங்குடியினர் முதலிய சமூகத்து மாணவர்களுக்கென்றே 2001-இல் தனி மாநாடு தொடங்கப்பட்டது. பயணச் செலவுக்கும் உதவி அளிக்கப்பட்டது.

சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் 1914-இல் கப்பல் ஏறினார். சென்னைப் பல்கலைக்கழகம் உதவித்தொகை அளித்திராவிட்டால் கேம்பிரிட்ஜ் அவருக்கு எட்டாத தூரமே.

பொங்கல் விழாவும் ஆண்டு விழாவும் சிறப்பாக நடத்தும் நம் தமிழ்ச் சங்கங்கள், ஆண்டுக்கு இரண்டு ஏழை மாணவரின் மாநாட்டுச் செலவை ஏற்றால் என்ன? ஒரு நாள் மேடைப் பந்தல் செலவுக்குள் அது அடங்கிவிடும். பெற்றோரும் தயங்காமல் கல்லூரித் துறைத் தலைவரைக் கண்டு, இத்தகைய உதவிகளுக்கு விண்ணப்பிக்கும் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கேட்கத் தெரியாததாலேயே நம் பிள்ளைகள் இழப்பது அதிகம்.